சந்தைக் கூடத்தில் சிமெண்ட் வேண்டாம்

ஐயா,

பழமையான சந்தைக் கூடங்களைச் சீரமைத்து நவீனப்படுத்துவது பற்றிய தங்கள் தலையங்கம் கண்டேன். மின்விளக்கு, கழிவுநீர் வடிகால், தீயணைப்பு வசதி எல்லாம் வரட்டும். அவை இல்லாமல் இன்று சந்தை நடத்த முடியாது. ஆனால் சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவரில் சிமெண்ட் பூசுவதை மட்டும் அனுமதிக்கக் கூடாது. சந்தையில் நாள் முழுதும் தண்ணீர் புழங்கும். சுவர் உறிஞ்சும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு மெல்ல வெளியே விட்டுவிடும். சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும். அந்த ஈரத்தோடு வரும் உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி அதை உடைக்கும். கட்டுமானப் பணியில் இருந்த காலத்தில், இப்படிப் பூசிய ஒரு பழைய கூடத்தைப் பார்த்தேன். வெளியே வழவழவென்றிருந்த பூச்சைத் தட்டினால் வெற்றொலி கேட்டது. பெயர்த்தபோது உள்ளிருந்த செங்கல் மாவாகக் கையில் உதிர்ந்தது. இன்றும் அதை நினைத்தால் மனம் பதைக்கிறது.

பழமையைக் காத்தால் புதுமைக்கு இடமில்லை என்பது தவறு. பார்சிலோனாவின் சாந்தா கத்தரினா சந்தை 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் பழைய வெளிச்சுவர்களை வைத்துக்கொண்டே அலையலையான புதிய கூரை வேய்ந்து 2005இல் திறந்தார்கள். எனவே, ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே பழைய காரையைப் பரிசோதனைக்கூடத்தில் ஆய்வு செய்து, அதற்கு ஒத்த சுண்ணாம்புக் கலவையையே பயன்படுத்த வேண்டும் என்பதை ஒப்பந்த நிபந்தனையாக்க வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களையும் அப்போதே தேடிப் பிடிக்க வேண்டும்.