அம்மா வாழ்ந்ததற்கு என்ன அர்த்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

"சாமியும் இல்லை, மறுபிறவியும் இல்லை என்றால் அம்மா வாழ்ந்ததற்கு என்னப்பா அர்த்தம்?" என்று போனில் அழுதுகொண்டே கேட்டாய். எனக்கு அப்போது வார்த்தை வரவில்லை. எழுதினால்தான் எனக்குச் சரியாக வரும்.

நீ கோயிலுக்குப் போக ஆரம்பித்ததை என்னிடம் சொல்லத் தயங்கினாய். தாராளமாகப் போம்மா. உன் அத்தை ஒரு பிரதோஷத்தையும் விட மாட்டாள். அம்மா படுக்கையில் கிடந்தபோது அவளைப் போல யார் பார்த்துக்கொண்டார்கள்? நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நம்பிக்கை இல்லாவிட்டால் எல்லாமே வெறுமை என்றாயே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

புறநானூற்றில் 134ஆம் பாட்டு, உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்ற புலவர், வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடியது. 'இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்.' இங்கே கொடுத்தால் அங்கே கிடைக்கும் என்று அறத்தை விலைபேசுகிற வியாபாரி இல்லை அவன்; சான்றோர் போன வழி என்பதற்காகவே கொடுத்தான். வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் எனக்கு உன் அம்மா ஞாபகம்தான் வரும். சத்துணவுக் கூடத்தில் முட்டை போடும் நாளில், கடைசியாக ஓடிவரும் பிள்ளைக்கும் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தன் டிபன் பாக்ஸைத் திறப்பாள். புண்ணியம் சேர்கிறது என்று ஒரு நாளும் அவள் சொன்னதில்லை. அந்தப் பிள்ளைக்குப் பசித்தது, அவ்வளவுதான் அவளுக்குக் காரணம். அந்தக் காரணத்தில் என்ன குறை? அந்தப் பிள்ளையின் பசி நிஜம், அது அடங்கியதும் நிஜம். மேலே யாரும் கணக்கு எழுதவில்லை என்பதால் அது நடக்காததாகிவிடுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆய் இறந்தபோது இதே முடமோசியார் வேறு மாதிரி பாடினார். ஆய் வருகிறான் என்று இந்திரன் அரண்மனையில் முரசு முழங்குகிறதாம், வானத்தில் ஆரவாரம் கேட்கிறதாம் (அது 241ஆம் பாட்டு). பிரிந்தவன் எங்கோ நன்றாக இருக்கிறான் என்று நினைக்க அந்தப் பெரிய புலவருக்கே ஆசை இருந்திருக்கிறது. உன் ஏக்கமும் அதுதானே. மறுபடி பார்ப்போம் என்பது பெரிய ஆறுதல். அது எனக்கு இல்லை, அதற்கு ஈடாக வேறு எதுவும் என்னிடம் இல்லை. ராத்திரிகள் கஷ்டமாகத்தான் இருக்கின்றன. ஆனால் என் ஆறுதல் குறைந்தால் அவள் வாழ்க்கையின் மதிப்பு ஏன் குறைய வேண்டும்?

கரைக்கச் சாம்பல்கூட இல்லையே என்றாய். கண்ணைக் கொடுக்க வேண்டும், உடம்பு மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று நன்றாக இருந்தபோதே எழுதிக் கையெழுத்துப் போட்டது அவள். ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும் என்பதால்தான் அன்று அவ்வளவு அவசரப்பட்டோம். உனக்கு அது கல்நெஞ்சமாகத் தெரிந்திருக்கலாம். டாக்டராகப் போகிற பிள்ளைகள் முதல் வருஷத்தில் உடற்கூறு படிப்பது இப்படிக் கிடைக்கும் உடல்களையும் வைத்துத்தான். பிள்ளைகளுக்குப் பயன்படுவது அவளுக்குப் பிடித்த வேலை.

அம்மா நினைவு நாளுக்கு நீ படையல் போட விரும்பினால் அத்தையிடம் சொல், அவளே எல்லாம் செய்துவிடுவாள். நான் கும்பிட மாட்டேன், ஆனால் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். லீவு எப்போது கிடைக்கும் என்று எழுது.

அன்புடன்,
அப்பா