கேட்கச் சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

பேராவூரணி பக்கத்தில் ஒரு கிராமத்தில் தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறவள் நான். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு 3 நாள் பட்டுக்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். நேரில் நன்றி சொன்னால் "அட, இதுக்குப் போயி" என்று நீங்கள் எல்லாரும் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போதே இது நம்மைத்தான் சொல்கிறாள் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

செய்த உதவிகளுக்கு நன்றி சொல்லி முடியாது. அதைவிடவும் எனக்குப் பெரிதாகத் தெரிவது, ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வைக்கச் சொல்லவே வாய் வராத என்னை, வேண்டியதை வேண்டிய நேரத்தில் கேட்கிற ஆளாக மாற்றினீர்களே, அதுதான். எனக்கு வியாதியைவிடப் பாரமாக இருந்தது அடுத்தவருக்குப் பாரமாகிவிட்டோமே என்கிற நினைப்பு. இதே நினைப்போடு வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆட்கள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள், அவர்கள் கண்ணிலும் இது படட்டும் என்றுதான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டயாலிசிஸ் என்றால் என்ன வேண்டியிருக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது, தெரியாததில் தப்பும் இல்லை. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். நல்ல சிறுநீரகம் அத்தனை மணி நேரமும் ஓயாமல் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. எனக்கு அதை ஒரு மிஷின் வாரத்துக்கு 12 மணி நேரத்தில், தடவைக்கு 4 மணி நேரமாகச் செய்து கொடுக்கிறது. மிச்ச நேரமெல்லாம் உடம்பில் சேருவது சேர்ந்துகொண்டேதான் இருக்கும், அதனால் குடிக்கிற தண்ணீருக்கு அளவு, உப்புக்கு அளவு, பழத்துக்கு அளவு. ஊசி போடுவதற்காக இடது கையில் இரத்தக் குழாய்கள் இரண்டை இணைத்து ஃபிஸ்டுலா செய்திருக்கிறார்கள், அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, அதன் மேல் சாய்ந்து தூங்கவும் கூடாது. மிஷினிலிருந்து இறங்கிய அன்றைக்குத் தலை கிறுகிறுக்கும், கால் இழுக்கும், வீட்டுக்கு வந்து விழுந்தால் போதும் என்றிருக்கும். ஆக, கேஸ் சிலிண்டர் மாற்ற ஒரு ஆள், விடியற்காலையில் கூட்டிப் போக ஒரு ஆள், பஸ்ஸில் ஒரு சீட்டு, விசேஷ வீட்டில் உப்புக் குறைத்து ஒரு பிடி சோறு என்று இந்த வியாதி முழுக்கவே அடுத்தவரிடம் கேட்க வேண்டியதாகத்தான் அமைந்திருக்கிறது.

ஆட்டோ தம்பி, முதலில் உனக்கு. "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்கக்கா" என்று சொன்னவர்கள் நிறைய பேர். நல்ல மனசோடுதான் சொன்னார்கள், அவர்களுக்கும் நன்றி. ஆனாலும் அந்தப் பேச்சை நம்பி விடியற்காலை 5 மணிக்கு ஒருவரைக் கூப்பிட எனக்குக் கை வரவில்லை. நீ அப்படிச் சொல்லவில்லை. "எந்தெந்த நாளு, எத்தனை மணிக்கு அங்க இருக்கணும், எத்தனை மணிக்குத் திரும்பணும்" என்று கேட்டாய். கேட்டுவிட்டு, வாடகை இவ்வளவு என்று நீயே சொன்னாய், அதைக் குறைத்துத்தான் சொன்னாய் என்றும் எனக்குத் தெரியும். வராத நாளில் முந்தின நாள் ராத்திரியே மாற்று ஆளைச் சொல்லி அனுப்பினாய். நாளும் நேரமும் கூலியும் பேசி முடித்த பிறகு கூச்சத்துக்கு இடமே இல்லாமல் போய்விட்டது தம்பி.

பக்கத்து வீட்டு மதினி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது. எனக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். சிலிண்டர் தீர்ந்து, மாற்ற ஆள் இல்லாமல் விறகு அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "நீ கேக்குறதுதான் உன் வேலை. முடியும் முடியாதுங்கறத நான் சொல்லிக்கிறேன், அத நீயே எனக்காக யோசிச்சு முடிவு பண்ணாத" என்றீர்கள். சொன்னதோடு நிற்காமல், நடவு நேரத்தில் ஒரு நாள் துணைக்கு வரமுடியுமா என்று நான் கேட்டபோது, "இன்னைக்கு முடியாதுடி, ஆளு விட்டுருக்கேன், வயல விட்டு நகர முடியாது" என்று முகத்துக்கு நேரே சொன்னீர்கள். எனக்கு அன்றைக்கு மனசு எவ்வளவு லேசானது என்று உங்களுக்குத் தெரியாது. முடியாதபோது முடியாது என்று சொல்லிவிடுவார்கள் என்று தெரிந்த பிறகு, அவர்கள் சரி என்று சொல்வது நிஜமான சரி. பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறார்களோ, உள்ளுக்குள் சலித்துக்கொள்கிறார்களோ என்று ராத்திரி படுத்து யோசிக்க வேண்டியதில்லை. எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறவரைவிட, மறுக்கத் தெரிந்தவரிடம்தான் தைரியமாகக் கேட்க முடிகிறது. உதவி செய்ய நினைக்கிற எல்லாரிடமும் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: உங்களால் முடியாததை முடியாது என்று சொல்லுங்கள். வியாதிக்காரி மனசு நோகுமே என்று நினைக்காதீர்கள். மறைத்து வைக்கிற சலிப்புதான் நோகும்.

டயாலிசிஸ் பிரிவில் இருக்கிற சிஸ்டருக்கும், மிஷின் பார்க்கிற தம்பிக்கும் அடுத்த நன்றி. மிஷினில் இருக்கும்போது சில சமயம் பிரஷர் திடீரென்று இறங்கும். கொட்டாவி வரும், வியர்க்கும், கெண்டைக்கால் முறுக்கிப் பிடிக்கும். பத்துப் பன்னிரண்டு பேரைப் பார்க்கிறார்களே, நாம் வேறு கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணுவானேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவர்கள் அந்த வார்டில் உண்டு, குறிப்பாகப் பெண்கள். சிஸ்டர் ஒரு நாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "லேசா கிறுகிறுன்னு இருக்கும்போதே சொன்னா, தண்ணி எடுக்கிற வேகத்தக் குறைச்சு, தலையத் தாழ்த்தி, கொஞ்சம் சலைன் விட்டு ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிருவேன். மயங்குன பிறகுன்னா நாங்க நாலு பேரு ஓடி வரணும், மத்த பேஷண்டயும் விட்டுட்டு." சொல்லாமல் தாங்கிக்கொள்வது அடுத்தவருக்கு வேலையைக் குறைக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த வார்டில் கண்கூடாகப் பார்த்தேன், கூட்டத்தான் கூட்டுகிறது. அதற்குப் பிறகு எனக்கு அடுத்த கட்டிலில் படுக்கிற அம்மாவும் கையைத் தூக்கிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

சித்தப்பா, இளநீர் விஷயம் எழுதாமல் விட முடியுமா. நம்ம ஊரில் தென்னந்தோப்பு இல்லாத குடும்பம் குறைவு, கஜா புயல் 2018 நவம்பரில் அத்தனை மரத்தைச் சாய்த்துப் போட்ட பிறகும், திரும்பக் கன்று வைத்துத் தோப்பை எழுப்பிய ஊர். வீடு தேடி வருகிறவருக்கும் உடம்பு முடியாதவருக்கும் இளநீர் வெட்டிக் கொடுப்பது நம்ம வழக்கம், அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. நீங்கள் குலையோடு கொண்டுவந்து திண்ணையில் இறக்கினீர்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், அதை வெளியேற்ற எனக்குச் சிறுநீரகம் இல்லை, இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகி நின்றுபோகலாம். உடம்பு முடியாதவளுக்கு ஆசையாகக் கொண்டுவந்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை, "வேற எதெது ஆகாது?" என்று உட்கார்ந்து கேட்டுக்கொண்டீர்கள். வாழைப்பழம், ஆரஞ்சு, முருங்கைக்கீரை எல்லாம் அளவு பார்க்கணும், காய்கறியை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டணும், சோடியம் குறைவான உப்பு என்று விற்கிறார்களே அதிலும் பொட்டாசியம் இருக்கிறது, அதையும் தொடக்கூடாது என்று நான் சொன்னதையெல்லாம் சித்தியிடம் போய் ஒன்று விடாமல் ஒப்பித்திருக்கிறீர்கள். அடுத்த தடவை வந்தபோது உங்கள் தோப்பு ஈர்க்கில் கட்டிய விளக்குமாறு கொண்டுவந்தீர்கள். "தோப்புலேருந்து உனக்கு ஏதாச்சும் வரணும்ல" என்று நீங்கள் சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

விசேஷ வீடுகளில் எனக்கென்று தனியாகச் சின்ன டம்ளரில் காபி வைத்த எல்லாருக்கும் நன்றி. ரசம், மோர், பாயசம் எல்லாமே என் தண்ணீர்க் கணக்கில் வரும் என்று ஒரு தடவை சொன்னதை ஞாபகம் வைத்துக்கொண்டு, வற்புறுத்தாமல் இருந்தீர்கள். வற்புறுத்தாமல் இருப்பது நம்ம ஊரில் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

என் மகளுக்கு இரண்டு வரி. "பக்கத்து வீட்டுல கேக்குற, ஆட்டோக்கார அண்ணங்கிட்ட கேக்குற, எங்கிட்ட மட்டும் கேக்க மாட்டேங்குற. நான் யாரும்மா உனக்கு?" என்றாயே. படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நான் நினைத்தது உனக்கு உன்னைத் தள்ளி வைத்ததாகப் பட்டிருக்கிறது. இப்போது சனிக்கிழமை காய் நறுக்கி வேகவைத்து வடிப்பது உன் வேலை, மாத்திரை டப்பாவை நிரப்புவது உன் வேலை. பரீட்சை நேரத்தில் எனக்கு வேண்டாம்மா என்று நீயும் சொல்லப் பழகிவிட்டாய், அதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். சிங்கப்பூரில் இருக்கிற உன் அப்பாவிடம் நான் கேட்டது வேறு மாதிரி. ராத்திரி போனில் நான் புலம்பினால் யோசனை சொல்ல வேண்டாம், அங்கே இதைச் செய், இங்கே காட்டு என்று வேண்டாம், ம்ம் என்று கேட்டுக்கொண்டிருங்கள் போதும் என்றேன். மனுஷருக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது, இருந்தும் கேட்டுக்கொள்கிறார். காசுக்குச் சமமாக அதுவும் எனக்கு வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் எப்படித் திருப்பிச் செய்வது என்றுதான் நான் அதிகமாக யோசித்தேன். நம்ம பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். பணம் வேண்டியவர் பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் சோறு போட்டு, ஊரைக் கூட்டி மொய் வாங்குவார். எழுதுகிறவர்கள் வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்து நோட்டில் எழுதுவார்கள், யார் எவ்வளவு செய்தார் என்று பார்த்து, அவர் விருந்து வைக்கும்போது மேலே கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். எனக்கு அந்த வழக்கத்தின் மேல் எப்போதுமே மரியாதை உண்டு. தேவையை மூடி மறைக்காமல் பத்திரிகையிலேயே அடித்துக் கொடுக்கிறோம், யாரும் தலை குனிவதில்லை. அந்த நோட்டுக் கணக்கிலேயே வளர்ந்ததால்தானோ என்னவோ, திருப்ப முடியாத உதவியை வாங்க எனக்கு அவ்வளவு கூச்சம். விடியற்காலையில் எழுந்து வந்த தூக்கத்தை நான் எந்த நோட்டில் எழுதுவேன், எப்படித் திருப்புவேன்? மதினியிடம் இதைச் சொன்னபோது, "எம் மகளுக்கு ஜாக்கெட் தைச்சுக் குடு, கூலி வாங்காத, ஆனா இதுக்கு அதுன்னு கணக்குப் பாக்காத" என்றார். சரி என்று தைத்துக் கொடுத்தேன். கணக்குப் பார்க்காமல் வாங்கிக்கொள்ள இன்னமும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நெருங்கிய இரத்த சொந்தம் சிறுநீரகம் கொடுக்க 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் இடம் கொடுக்கிறது. என் தம்பி கொடுக்க முன்வந்தான், இரத்தப் பிரிவும் மற்ற பரிசோதனைகளும் பொருந்தவில்லை. அவன் முன்வந்ததே போதும், அந்த நன்றி என் உயிர் உள்ள வரை இருக்கும். இப்போது அரசுப் பட்டியலில் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறேன். மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பம் அழுதுகொண்டிருக்கிற நேரத்தில் சரி என்று சொன்னால்தான் என்னைப் போன்றவர்களுக்கு அது வரும். அப்படி உறுப்புகளைக் கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று 2023-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது, மனசார வரவேற்கிறேன். யாரென்று தெரியாத அந்தக் குடும்பங்களுக்கும் இந்த மடலிலேயே ஒரு கும்பிடு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் டயாலிசிஸ் செலவு போகிறதால்தான் தையல் காசில் குடும்பம் ஓடுகிறது. அந்த அட்டைக்கு வருமானச் சான்று வாங்க அலைய வேண்டியிருந்தபோது எனக்காக வரிசையில் நின்ற மேலத்தெரு அண்ணனையும் மறக்கவில்லை.

கடைசியாக, ஒரு தேவை. ஆட்டோ தம்பிக்கு வருகிற ஆவணியில் கல்யாணம். அந்த வாரம் முழுக்க அவனைக் கூப்பிடப் போவதில்லை, கூப்பிட்டால் வந்துவிடுவான். தம்பி, இதைப் படித்துவிட்டு அந்த வாரம் நீ வந்து நிற்கக் கூடாது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் விடியற்காலை 5 மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பி என்னைப் பட்டுக்கோட்டையில் விட வேண்டும், மதியம் 12 மணிக்குத் திரும்பக் கூட்டி வர வேண்டும். வண்டி வாடகை நான் தருகிறேன். மூன்று நாளையும் ஒரே ஆள் பார்க்க வேண்டியதில்லை, ஆளுக்கு ஒரு நாள் எடுத்துக்கொண்டாலும் போதும். முடிகிறவர்கள் ஆடி முடிவதற்குள் எனக்கோ மதினிக்கோ ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். முடியாதவர்களும் முடியாது என்று சொல்லிவிடுங்கள், நான் அடுத்த ஆளைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தையல்கார அக்கா