விடுமுறையில் அளந்த கட்டிகள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பல் பாதிக் காரணம். மீதிப் பாதி, என்னை ஒரு தேர்வுக் குழுவில் இழுத்துப் போட்டுவிட்டார்கள். புற்றுநோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்கு ஒரு பணியிடம், பதினொரு விண்ணப்பங்கள். எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள் என்று கூட்டிக் கூட்டி மளிகைக் கணக்குப் பார்ப்பவன் போலாகிவிட்டேன்.

நேற்று இரவு அலுத்துப்போய் அதையெல்லாம் மூடிவைத்துவிட்டு, இதே துறையில் நோபல் வாங்கிய நம் ஜேம்ஸ் அலிசனின் கட்டுரைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 1982-இல், நோயைத் தாக்கும் வெள்ளணுவான டி செல்லின் ஏற்பியைப் பற்றிய கட்டுரை, டெக்சாஸில் ஸ்மித்வில் என்ற சிறிய ஊரின் ஆய்வுக்கூடத்திலிருந்து. பிறகு, நாம் ஒளிநகல் எடுத்து மாற்றி மாற்றிப் படித்த 1996 கட்டுரை. பட்டியலில் அது ஒரே வரிதான்.

டி செல்லின் மேலுள்ள சிடிஎல்ஏ-4 என்ற புரதம் அதை முடுக்குகிறது என்று பலர் நம்பிய காலம். அலிசனின் குழுவும் புளூஸ்டோனின் குழுவும்தான் அது பிரேக் என்று காட்டின. அந்தப் பிரேக்கை ஓர் ஆன்டிபாடியால், அதாவது அதைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதத்தால், மறித்தால் டி செல்கள் புற்றுக்கட்டியைத் தாக்குமா என்பது அலிசனின் கேள்வி. 1994 இறுதியில் அவருடைய ஆய்வுக்கூடத்தின் டேனா லீச் எலிகளில் செய்து பார்த்தார். மருந்து பெற்றவற்றில் கட்டிகள் மறைந்தன. அலிசனுக்கு நம்பிக்கை வரவில்லை; மறுபடி செய்யச் சொன்னார். லீச் கிறிஸ்துமஸ் பயணம் கிளம்ப வேண்டியிருந்தது. எந்தக் கூண்டுக்கு எந்த மருந்து என்று சொல்லாமல் ஊசி போட்டுவிட்டுப் போனார். விடுமுறையில் அலிசனே உட்கார்ந்து அளந்தார். முதலில் எல்லாக் கூண்டிலும் கட்டிகள் வளர்ந்தன. மனம் சோர்ந்த பிறகுதான் சிலவற்றில் வளர்ச்சி நின்றது, பிறகு சுருங்கியது.

அந்த வேலை நமக்குத் தெரியாததா? எலியின் தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, காலிபரின் தாடைகளைக் கட்டியின் இருபுறமும் ஒட்டினாற்போல் வைத்து, நீ எண்ணைச் சொல்ல நான் எழுதுவேன். கொஞ்சம் அழுத்தினாலும் ஒரு மில்லிமீட்டர் குறைந்துவிடும். நம் கட்டிகள் சுருங்கியதெல்லாம் அப்படித்தான் என்று இன்றும் எனக்குச் சந்தேகம். கூண்டின் ரகசியம் தெரியாமல் அளப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது அதனால்தான் உறைக்கிறது.

அலிசன் அளந்ததுதான் அந்த 1996 கட்டுரையானது. அதன் பிறகு அந்த வகை ஆன்டிபாடி, இபிலிமுமாப் என்ற மருந்தாக அங்கீகாரம் பெற 2011 வரை ஆனது. பெரும்பாலான நிறுவனங்கள் கையை விரித்தன, மெடரெக்ஸ் என்ற நிறுவனம்தான் எடுத்துக்கொண்டது. சோதனையிலும் சிக்கல். டி செல்கள் கட்டிக்குள் கூட்டமாக நுழைவதால் ஸ்கேனில் கட்டி சில சமயம் முதலில் பெரிதாகத் தெரியும். வழக்கமான விதிப்படி அது தோல்வி. ஆகவே, நோயாளி எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறார் என்பதை அளவுகோலாக்கினார்கள். 2010-இல் முற்றிய மெலனோமா (ஒருவகைத் தோல் புற்றுநோய்) நோயாளிகள் 676 பேரிடம் வந்த முடிவு: இடைநிலை ஆயுள் 6.4 மாதத்திலிருந்து 10 மாதம். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். ஆனால் பின்னர் தொகுத்துப் பார்த்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மூன்று ஆண்டு தாண்டி இருந்தார். அதன் பின் உயிரோடிருப்பவர்களைக் காட்டும் வரைபடக் கோடு அதிகம் சரியவில்லை. பிரேக்கைப் பிடுங்கியதன் விலையும் உண்டு: குடல் அழற்சி, பிட்யூட்டரி பாதிப்பு.

2018 மருத்துவ நோபலை அலிசனோடு பகிர்ந்துகொண்ட ஹோஞ்சோவின் கதை இன்னும் வேடிக்கை. செல் தானாகச் சாவதற்கான மரபணுவைத் தேடப்போய் அவருடைய கியோட்டோ குழு 1992-இல் பிடி-1 என்ற மரபணுவைக் கண்டது. அதன் உண்மையான வேலையும் பிரேக் பிடிப்பது என்று தெரியவர 1999 ஆனது. ‘பிடி’ என்பது ‘திட்டமிட்ட சாவு’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்; அந்தப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. எங்கள் தேர்வுக் குழுவிடம் 1995-இல் ஹோஞ்சோவின் பட்டியல் வந்திருந்தால், “மூன்று ஆண்டாகியும் இது என்ன செய்கிறது என்றே தெரியவில்லையா?” என்று கேட்டிருப்போம்.

இப்போது பதினொன்றில் ஒரு விண்ணப்பம் என்னை உறுத்துகிறது. மூன்று ஆண்டு ஒன்றுமே இல்லை. பிறகு எலிகளில் ஒரே ஒரு கட்டுரை, அதுவும் முந்தைய முடிவைத் தானே மறுத்து எழுதியது. குழுவில் ஒருவர் சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டார். நான் பிடிவாதம் பிடித்து வியாழக்கிழமை நேர்காணலுக்கு அழைக்க வைத்திருக்கிறேன். அந்த மூன்று ஆண்டும் என்ன அளந்துகொண்டிருந்தார் என்றுதான் முதலில் கேட்கப் போகிறேன்.

நம் எலிக் குறிப்பேடு உன்னிடம்தானே இருக்கிறது? தேடி எடுத்து வை. தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
ராகவன்