அந்த 30 சதவீதம் என்ன ஆயிற்று?

யூபிஐயை நடத்தும் மும்பை என்.பி.சி.ஐ. நிறுவனத்தின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். என் மளிகைக் கடைக் கல்லாவுக்கு மேலே மூன்று கியூஆர் அட்டைகள் தொங்குகின்றன. எதை ஸ்கேன் செய்தாலும் பணம் வந்துவிடும். யூபிஐயில் எனக்குப் பிடித்ததே அதுதான். ஆனால் வருகிறவர் போனில் திறப்பது அநேகமாக போன்பே, இல்லாவிட்டால் கூகுள் பே. வேறெதையாவது திறந்தால், பின்னால் நிற்பவர் "இது என்ன ஆப்ண்ணே?" என்று எட்டிப் பார்க்கிறார்.

எந்தச் செயலியும் மொத்தப் பரிவர்த்தனையில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020 நவம்பரில் சொன்னவர்கள் நீங்கள்தான். ஏற்கெனவே தாண்டியவர்களுக்கு 2022 கடைசிவரை அவகாசம் கொடுத்தீர்கள். அது 2024 டிசம்பருக்குத் தள்ளிப்போனது, பிறகு 2026 டிசம்பருக்கு. இதற்குள் அந்த இரண்டு செயலிகளும் சேர்ந்து 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. என் கடன் நோட்டில் இப்படி இரண்டு முறை தவணை தள்ளியவருக்கு மூன்றாம் முறை நான் பருப்பு நிறுத்துத் தர மாட்டேன்.

யூபிஐக்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று 2020 ஜனவரியிலிருந்து அரசு விதி. எனக்கு அது லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் வரவே இல்லாத தொழிலில் வருடக்கணக்காகக் கைக்காசைக் கொட்ட அமெரிக்க வால்மார்ட் கம்பெனியின் கையில் இருக்கும் போன்பேயாலும் கூகுளாலும் முடியும். புதிதாக வருகிற சிறிய கம்பெனியால் முடியுமா? விட்டதை வேறு வழியில் பிடிக்கிறார்கள். காசு வந்ததைக் கத்திச் சொல்லும் பெட்டிக்கு நான் மாத வாடகை கட்டுகிறேன். ஒருநாள் மாலைக் கூட்டத்தில் அது ஊமையாகிவிட்டது. எல்லோரும் போனைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள். ராத்திரி கணக்குப் பார்த்தால் 340 ரூபாய் வரவில்லை.

சின்னத் தொகைப் பரிவர்த்தனைகளுக்கு ஊக்கத்தொகையாக 2024-25க்கு மத்திய அரசு 1,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்தப் பணத்தில் சிறிய செயலிகளுக்குக் கூடுதல் பங்கு கொடுக்கச் சொல்லி அரசிடம் கேளுங்கள். வரம்பைத் தாண்டிய செயலிகள் புது வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதை நிறுத்தட்டும். இருக்கிறவர்களைத் துரத்த வேண்டாம், திண்டாடப்போவது நாங்கள்தான். பீம் என்று நீங்களே ஒரு செயலி நடத்துவதும் எனக்கு உறுத்தல்தான். நடுவரே மட்டையைப் பிடித்தால் அவுட் கொடுப்பது யார்?

2026 டிசம்பர் 31க்கு அப்புறம் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். இன்னொரு அவகாசம்தான் என்றால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்