அந்த ஹாலைக் கட்டினவர் பேரு எங்க சார்?

ஆசிரியர் சாருக்கு வணக்கம். போன இதழ்ல அமெரிக்க சுதந்திரம் பத்தின கட்டுரை படிச்சேன், நல்லாவே இருந்துச்சு. 1774 செப்டம்பர்ல பிலடெல்பியா கார்ப்பெண்டர்ஸ் ஹால்ல அமெரிக்கக் காலனிகளோட பிரதிநிதிகள் சேர்ந்த முதல் காங்கிரஸ் கூடினது, வாஷிங்டன் வந்தது, ஜான் ஆடம்ஸ் வந்தது எல்லாம் இருக்கு, ஆனா அந்த ஹாலுக்கு பிளான் போட்ட மனுஷன் பேரு மட்டும் எங்கயுமே இல்ல. நானும் சின்ன அளவுல பில்டிங் கான்ட்ராக்ட் எடுக்குறவன், அதான் உறுத்துச்சு.

அவர் பேரு ராபர்ட் ஸ்மித். 1722ல ஸ்காட்லாந்துல டல்கீத்ங்கிற ஊர்ல பிறந்து, 1740கள் கடைசியில பிழைப்புக்கு பிலடெல்பியா வந்த தச்சர். அப்பல்லாம் ஆர்க்கிடெக்ட் தனி, கான்ட்ராக்டர் தனின்னு பெருசா கிடையாது, படம் போடுறதும் ஆள் வெச்சு வேலையை முடிக்கிறதும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். கிறைஸ்ட் சர்ச் கோபுரம் அவர் வேலை, 1754ல முடிஞ்சது, கிட்டத்தட்ட 200 அடி, காசு பத்தாம லாட்டரி வித்துக் கட்டினாங்க. பிரின்ஸ்டன் காலேஜோட நசாவ் ஹாலும் அவர் கை பட்டதுதான். பெஞ்சமின் பிராங்க்ளின் தன் சொந்த வீட்டையே இவர்கிட்ட குடுத்தார், ஆனா வேலை முடியறதுக்குள்ள லண்டன் கிளம்பிட்டார், மிச்சத்தை அவர் சம்சாரம் டெபோராதான் பார்த்துக்கிட்டாங்க, பிராங்க்ளின் அங்கேர்ந்து லெட்டர்லயே அது என்னாச்சு இது என்னாச்சுன்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கார். அந்த மாதிரி ஓனர்கிட்ட வேலை பார்த்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

அந்த ஹாலைத் தங்களுக்குன்னு கட்டிக்கிட்ட கார்ப்பெண்டர்ஸ் கம்பெனிங்கிறது 1724ல மாஸ்டர் தச்சர்கள் சேர்ந்து ஆரம்பிச்ச சங்கம். ஒரு வீட்டு வேலை முடிஞ்சா சங்கத்து ஆளுங்க வந்து தரை, கதவு, படிக்கட்டுன்னு ஒவ்வொண்ணா அளந்து இவ்ளோ ஆச்சுன்னு விலை போடுவாங்க, ஓனருக்கும் மேஸ்திரிக்கும் சண்டை வராது. அது சரி. ஆனா ரேட் புத்தகத்தை வெளியாளுக்குக் காட்டக்கூடாதுன்னு வெச்சிருந்தாங்க பாருங்க, 1786ல அச்சடிச்சப்பகூட ரகசியம்தான், அது எனக்குப் பிடிக்கல. காசு குடுக்குறவனுக்கு ரேட் தெரியக்கூடாதுன்னா என்ன நியாயம்?

பிரிட்டனோட சுதந்திரப் போர் ஆரம்பிச்சதும் 1775ல ஸ்மித், பிலடெல்பியாவை ஒட்டி ஓடுற டெலவேர் ஆத்துல கப்பலைத் தடுக்கிற வேலைக்கு மாடல் செஞ்சு குடுத்தார். கனமான மரத்துல பெட்டி மாதிரி அடிச்சு, கல்லை ரொப்பி ஆத்துல முக்கிடணும், அதுலேர்ந்து இரும்பு முனை வெச்ச கம்பம் சாய்வா நீட்டிக்கிட்டு தண்ணிக்குக் கொஞ்சம் கீழயே நிக்கும், தெரியாம வர்ற கப்பலுக்கு அடிவயிறு கிழிஞ்சிடும். அதே ஆத்தோரம் இருக்கிற பில்லிங்ஸ்போர்ட்ல அமெரிக்க ராணுவத்துக்கு வேலை பார்த்துக்கிட்டிருந்த சமயத்துலதான் 1777 பிப்ரவரியில செத்துப்போனார். அந்த வருஷக் கடைசியில பிரிட்டிஷ் கப்பலுங்க இந்தத் தடையிலயும் கரையோரக் கோட்டைங்கள்லயும் மாட்டி வாரக்கணக்குல தவிச்சதை அவர் பார்க்கல.

இன்னொண்ணு சார், கட்டுரைக்கு மேல போட்டிருக்கிற போட்டோ கார்ப்பெண்டர்ஸ் ஹாலே இல்ல, அது இண்டிபெண்டன்ஸ் ஹால், அதே செஸ்ட்நட் தெருவுல கொஞ்சம் தள்ளி இருக்கு, அதோட மாஸ்டர் தச்சர் எட்மண்ட் வூலி. அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போட்டுடுங்க.

இப்படிக்கு,
ஒரு பில்டிங் கான்ட்ராக்டர், திருப்பூர்