கடலில் இருப்பவர்களும் வாக்காளர்கள்தான்: தேர்தல் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தேர்தல் ஆணையத்தின் மதிப்புக்குரிய ஆணையர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். 2024 மக்களவைத் தேர்தலில், ஏப்ரல் 19 அன்று நான் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன். என் வீட்டுக்காரரும் தம்பியும் போடவில்லை, இரண்டு பேரும் ஆழ்கடலில் இருந்தார்கள். நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை எந்தத் தெருவில் கேட்டாலும் இதே கதையைச் சொல்ல ஆள் இருக்கும். எங்கள் சாவடி வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள், வயசானவர்கள், கல்லூரிப் பிள்ளைகள்.

தேர்தலுக்கு முன்னால் பூத் சிலிப் கொடுக்க வந்தவர், வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். கடலில் என்றேன். "சரி, வந்ததும் கொடுத்திருங்கம்மா, கண்டிப்பா ஓட்டுப் போடச் சொல்லுங்க" என்று அவருடைய சிலிப்பையும் என் கையிலேயே தந்துவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, சொன்ன வேலையைச் செய்தார். பெயர், பாகம் எண், வரிசை எண், எந்தப் பள்ளிக்கூடம் என்பது வரை அதில் எல்லாம் சரியாக இருந்தது. அதைக் கிழித்துப் போட மனசு வராமல் ரேஷன் கார்டுக்குள் வைத்திருக்கிறேன்.

எங்கள் ஆட்கள் போவது தங்கல் தொழிலுக்கு. டீசலும் ஐஸும் அரிசியும் ஏற்றிக்கொண்டு போனால் கரை திரும்ப ஒரு மாதம், சிலசமயம் அதற்கு மேலும் ஆகும். நீங்கள் தேர்தல் தேதியை அறிவித்தது மார்ச் 16. ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19. அறிவிப்புக்கு முன்பே போனவர்களை விடுங்கள், ஈஸ்டருக்கு ஊருக்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன். பெரிய வாரத்துக்கு வர முடிந்தவர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள், அப்போது எங்கள் ஊர்களில் ஆண்கள் நிறைந்திருப்பார்கள். வேட்புமனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் மார்ச் 30, மறுநாள் ஈஸ்டர். யார் யார் நிற்கிறார்கள் என்பது முடிவாகிவிட்டது, ஓட்டுப் போட வேண்டியவர்களும் ஊரில் இருந்தார்கள். ஆனால் ஓட்டுப் போட வழி இல்லை. பண்டிகை முடிந்ததும் படகுகள் கிளம்பிவிட்டன.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15-லேயே மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடுவதால் எங்கள் மாவட்டத்தின் கிழக்குப் பக்கமுள்ள சின்னமுட்டம் விசைப்படகுகள் கரையில் நின்றன. எங்கள் மேற்குக் கரைக்குத் தடை ஜூன் 1-ல்தான். ஒரே மாவட்டம், ஒரே தொகுதி.

அதனால் நாங்கள் கேட்பது ஒன்றுதான். கடலுக்குப் போகும் மீனவர்களுக்குத் தபால் ஓட்டு கொடுங்கள், படகு கிளம்புவதற்கு முன்னால் கொடுங்கள்.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஏற்பாடு இல்லை. ராணுவத்தினருக்கு மின்னணு முறையில் தபால் வாக்குச்சீட்டு போகிறது. 85 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே பெட்டியோடு வருகிறீர்கள், அந்த நல்ல காரியத்துக்கு நன்றி. அன்றைக்குப் பணியில் இருக்கும் செய்தியாளர்களுக்கும் ரயில்வே ஊழியர்களுக்கும் தபால் ஓட்டு கேட்டு விண்ணப்பிக்க 12டி படிவம் இருக்கிறது. குஜராத்தின் கிர் காட்டில் ஒரே ஒரு வாக்காளருக்காகச் சாவடி அமைத்தவர்கள் நீங்கள். தேங்காப்பட்டணம், குளச்சல், முட்டம் துறைமுகங்களிலும், எங்கள் ஆட்கள் அதிகம் தொழில் செய்யும் கொச்சித் துறைமுகத்திலும் ஆளுக்கொரு சீட்டு வாங்கிப் பெட்டியில் போட ஒரு மேசை போட முடியாதா? மீனவர்களிடம் பயோமெட்ரிக் அட்டை இருக்கிறது, யார் என்று சரிபார்ப்பது பெரிய சிரமமில்லை.

ஓட்டுப்பதிவு நாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் சொல்கிறது. சம்பளமில்லாமல் மீன் விற்ற பணத்தில் பங்குக்குத் தொழில் செய்பவருக்கு நடுக்கடலில் அந்த விடுமுறையை யார் கொடுப்பது?

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், தேங்காப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து, படகு கவிழ்ந்து செத்தவர்கள் கடலுக்குப் போகிறவர்கள். 2017-ல் ஒக்கிப் புயல் வந்தபோது எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தவர்களும் அவர்கள்தான். இந்த மாவட்டத்துக்கு ஒரு எம்.பி. என்ன செய்ய வேண்டும் என்பது யாரைவிடவும் அவர்களுக்குத் தெரியும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் தெருவில் ஆண்களைக் காணாமல் திரும்பிப் போகிறார்கள், அப்புறம் ஐந்து வருஷம் துறைமுகத்தைப் பற்றி யார் கேட்பது? 'நூறு சதவீத வாக்குப்பதிவு' என்று பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் ஊர்வலம் விடுகிறீர்கள். ஓட்டுப் போட ஆசையில்லாதவரையும் ஓட்டுப் போட வழியில்லாதவரையும் ஒரே கணக்கில் சேர்த்துப் 'போடாதவர்கள்' என்று எழுதிவிட்டால் அந்த நூறு எப்படி வரும்?

கோபத்தில் ஏதாவது அதிகமாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேர்தலில் இனி எதுவும் செய்ய முடியாது, ஜூன் 4-லேயே எண்ணிவிட்டீர்கள். ஆனால் தபால் ஓட்டுக்குத் தகுதியானவர்களின் பட்டியலில் ஆழ்கடல் மீனவர்களையும் சேர்க்க அடுத்த மக்களவைத் தேர்தல் வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. தடைக்காலமான ஜூன், ஜூலை இரண்டு மாதமும் எங்கள் ஆட்கள் கரையில்தான் இருப்பார்கள். தயவுசெய்து அதிகாரி ஒருவரை அனுப்பி அவர்களிடமே கேளுங்கள், எப்போது போகிறார்கள், எப்போது வருகிறார்கள், பெட்டியை எங்கே வைத்தால் வசதி என்று அவர்களே சொல்லுவார்கள்.

இப்படிக்கு,
தூத்தூர் கடற்கரையிலிருந்து ஒரு வாக்காளர்