சுங்கை சிப்புட்டிலிருந்து விக்கிப்பீடியர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள தமிழ் விக்கிப்பீடியப் பயனர்களுக்கும், எங்கள் ஊரில் எங்களோடு தோள்கொடுத்து நின்றவர்களுக்கும் வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில், பள்ளி விடுமுறை நாள்களில் கூடி எங்கள் ஊரையும் தோட்டங்களையும் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிவரும் சிறு குழு நாங்கள். படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள், தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், இல்லத்தரசிகள் சிலர், ஓய்வு பெற்ற தமிழாசிரியை நான். 2003 முதல் கட்டியெழுப்பப்பட்டுவரும் ஒரு களஞ்சியத்துக்குள் நாங்கள் புதியவர்களாக நுழைந்தபோது, முகம் தெரியாத பலர் தங்கள் வேலைக்கு நடுவிலும் எங்களுக்காக நேரம் ஒதுக்கினார்கள். அவர்களுக்குத்தான் முதல் நன்றி.

மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த எங்கள் ஊர்க்காரர் துன் வீ. தி. சம்பந்தனைப் பற்றிய பகுதியைத் தொட்டது ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி. 'ஒப்பற்ற தலைவர்', 'ஏழைகளின் விடிவெள்ளி' என்று மனம் நிறைந்து எழுதினாள். சிறிது நேரத்தில் அடைமொழிகள் எல்லாம் நீக்கப்பட்டிருந்தன. "டீச்சர், நான் இனி எழுதமாட்டேன்" என்று கணினியை விட்டு எழுந்துவிட்டாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது எப்படி வலித்திருக்கும் என்பது எனக்குப் புரிந்தது.

நீக்கியவர் அத்தோடு போய்விடவில்லை. அவளுடைய பேச்சுப் பக்கத்துக்கு, அதாவது பயனர்கள் கலந்துரையாடும் பக்கத்துக்கு, வந்தார். முதலில் வரவேற்றார். அவள் சேர்த்த இரண்டு தகவல்களைக் குறிப்பிட்டு, அவை கட்டுரையில் அப்படியே இருக்கின்றன என்றார். அதன் பிறகே, கலைக்களஞ்சியம் யாரையும் புகழ்வதும் இல்லை, இகழ்வதும் இல்லை, சம்பந்தன் செய்ததைச் சொன்னால் போதும், மதிப்பை வாசகர் தாமே முடிவு செய்துகொள்வார் என்று விளக்கினார். கடைசியில் ஒரு கேள்வி வைத்தார்: தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எப்படித் தோன்றியது என்பதை ஆதாரத்தோடு எழுத முடியுமா?

அந்தக் கேள்விதான் அவளைத் திரும்ப உட்கார வைத்தது. 1950களின் இறுதியில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றதையும், பால்மரம் சீவி ரப்பர்ப் பால் எடுத்தவர்கள் வேலையோடு, தோட்டம் தந்த லயத்து (வரிசை) வீட்டையும் இழந்து நின்றதையும், சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி 1960இல் அந்தச் சங்கத்தைத் தொடங்கியதையும் தேடிப் படித்து எழுதினாள். அந்தப் பத்திக்கு எந்த அடைமொழியும் தேவைப்படவில்லை. ஐயா, உங்கள் பயனர் பெயரைத் தவிர உங்களைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள் சொல்கிறேன்: திருத்தவேண்டிய ஒரு பிள்ளையிடம் எப்படிப் பேசவேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்து வந்தது பெரிய தகராறு. 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊர்ப்பக்கம் எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான், கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு எதிராகப் பிரித்தானிய ஆட்சி கொண்டுவந்த அவசரகாலம் மலாயாவில் வந்தது. அது தொடங்கிய நாள் எது என்பதில் எங்கள் பையன் ஒருவனுக்கும் நெடுநாள் பயனர் ஒருவருக்கும் மோதல். இவன் 16 என்று எழுத, அவர் 18 என்று மாற்ற, இவன் மறுபடியும் 16 ஆக்க, பக்கம் ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு நாளுக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் (மற்றவர் செய்த மாற்றத்தை நீக்கிப் பழையபடி ஆக்கினால்) தடை விழலாம் என்பது விதி. அந்த எல்லையை இருவரும் நெருங்கிவிட்டார்கள்.

அப்போது நுழைந்த நிர்வாகிக்கு நான் தனியாக நன்றி சொல்லவேண்டும். அவர் நினைத்திருந்தால் இருவரையும் தடுத்துவிட்டுத் தம் வேலையைப் பார்த்திருக்கலாம். யார் சரி என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், கட்டுரையைத் தொடாதீர்கள், பேச்சுப் பக்கத்துக்கு வாருங்கள், எந்த நூல், எந்தப் பக்கம் என்று அங்கே காட்டுங்கள் என்றார். வேறொருவர் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் மின்னியல் நாளிதழ்த் தொகுப்பில் எப்படித் தேடுவது என்று படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தார். தேடத் தேட, அவசரகால நடவடிக்கை முதலில் பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளில் தொடங்கி, பிறகே மலாயா முழுவதற்கும் விரிந்தது என்பது தெளிவானது. இரண்டு நாள்களும் தத்தம் ஆதாரத்தோடு கட்டுரையில் இடம்பெற்றன. வாக்கெடுப்பு இல்லை, தோற்றவரும் இல்லை. சங்கக் கூட்டங்களில் எத்தனையோ சண்டைகளைப் பார்த்திருக்கிறேன். சண்டையிட்ட இருவர் அடுத்த வாரமே ஒரே கட்டுரையைச் சேர்ந்து வளர்த்ததை இங்கேதான் பார்த்தேன்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். அவசரகாலத்தில் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டதையும், போராளிகளுக்குப் போய்ச் சேரக்கூடாதென்று வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோக விடாமல் வாசலில் சோதித்ததையும் கண்ணால் கண்ட பாட்டி ஒருவர் எங்களிடம் விரிவாகச் சொன்னார். அச்சில் வராத நினைவைக் கட்டுரையில் சேர்க்க முடியாது என்றார்கள். பாட்டியை நம்பவில்லை என்பதல்ல காரணம், வேறொரு நாட்டிலிருந்து படிப்பவர் சரிபார்க்க வழி வேண்டும் என்று விளக்கினார்கள். விதி சரியானது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் தோட்டத்து வரலாற்றில் பெரும்பகுதி இன்னும் வாய்மொழியாகவே இருக்கிறது; அதை எழுதி வெளியிட வேண்டிய பொறுப்பு எங்களுடையது. பாட்டியின் குரலைப் பதிவு செய்துவிட்டோம். அதைக் கட்டுரையாக்கி நாளிதழுக்கு அனுப்பச் சொல்லி ஊக்கப்படுத்திய பயனருக்கும் நன்றி.

ஊரில் மண்டபத்தைத் திறந்துவிட்ட ஆலய நிர்வாகத்தினர், பழைய கணினிகளைச் சரிசெய்து கொடுத்த தம்பி, மாணவர்களைத் தோட்டத்திலிருந்து வேனில் ஏற்றி வந்து திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்த அண்ணன், பசியாற நாசி லெமாக் கட்டித் தந்த அக்காமார் எல்லாருக்கும் எங்கள் நன்றி.

இப்போது தோட்டத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி எழுதத் தொடங்கியிருக்கிறோம். எல்பில், டோவன்பி, ஹீவூட் பள்ளிகளின் பழைய ஆண்டு மலரோ திறப்பு விழா மலரோ யாரிடமாவது இருந்தால் தெரியப்படுத்துங்கள். நேரில் வந்து, உங்கள் முன்னிலையிலேயே தேவையான தகவல்களைக் குறித்துக்கொண்டு புத்தகத்தை உங்களிடமே கொடுத்துவிடுவோம்.

நன்றியுடன்,
குழுவின் சார்பில் ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்